வெட்கம் என்று ஒரு லேயர்

யொன்ஹ்வாவின் கன்னத்தில் நாரே சிவப்பு பூசிக்கொண்டிருந்தாள். படக்கதையின் அந்தக் கட்டத்தில் நாயகன் யொன்ஹ்வாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தியிருந்தான். 'எங்கிட்டேர்ந்து தப்பிச்சுப் போயிடலாம்னு பார்த்தியா?' என்ற வசனம் அவன் தலைக்கு மேல் தொங்கியது. பக்கத்தில் மிக்யொங் அக்காவின் குறிப்பு: 'கன்னம் இன்னும் சிவக்கட்டும்.'

வாராவாரம் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அத்தியாயம் கைபேசி இதழுக்குப் போயாக வேண்டும். கதை தோஹ்யொனுடையது. மிக்யொங் உருவங்களை வரைவாள், போரம் பின்னணி வரைவாள், நாரே வண்ணம் தீட்டி அனுப்பி வைப்பாள். சியோலில் ஒரு கோழிக்கறிக் கடையின் மாடியில் இருந்தது அவர்களுடைய ஸ்டூடியோ. மதியத்துக்கு மேல் எண்ணெய் வாசனை படியேறி வந்துவிடும்.

கணினியில் ஒரு படம் என்பது கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி. கோடு ஒரு லேயர், தோல் ஒரு லேயர், நிழல் ஒரு லேயர். கன்னச் சிவப்புக்கும் தனியாக ஒன்று உண்டு. அதற்கு 'வெட்கம்' என்று பெயர் வைத்தவள் மிக்யொங். ஒவ்வொரு லேயரின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் வரைந்திருக்கும். அதைத் தொட்டால் கண் மூடிக்கொள்ளும், லேயர் மறையும். மறுபடி தொட்டால் திறக்கும்.

நாரேவின் பேனா முனை தவறுதலாக அந்தக் கண்ணில் பட்டுவிட்டது. சிவப்பு மறைந்தது. மற்ற எதுவும் மாறவில்லை. அகன்ற அதே கண்கள், பின்னால் ஒடுங்கிய அதே தோள், காற்றில் விரிந்து நின்ற அதே விரல்கள். ஆனால் இப்போது அது காதலிக்கிற பெண்ணின் முகமாக இல்லை. தெருவில் பார்த்தால் ஓடிப்போய் என்னாச்சு என்று கேட்கத் தோன்றும் முகம். நாரே லேயரின் கண்ணைத் திறந்துவிட்டாள். காதல் திரும்பி வந்தது.

போன மாதம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அக்கா, அவதான் வேணாம்னு சொல்லிட்டே இருக்காளே. இவன் காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறான்."

"அதுக்குத்தான் வாசகிங்க உயிரை விடறாங்க," என்றாள் மிக்யொங், தலை நிமிராமல். "கதைதானே, விடு."

நாரேயும் விட்டுவிட்டாள். ஆனால் அதற்கப்புறம் சில விஷயங்கள் மனதில் முள்ளாகத் தங்கின. அவள் ரயிலை விட்டுப் பேருந்துக்கு மாறிய வாரமே, கதையில் யொன்ஹ்வாவும் பேருந்துக்கு மாறினாள். ஸ்டூடியோ படிக்கட்டில் நின்று தங்கையிடம் போனில் சொன்ன வாக்கியம், 'தனியா சாப்பிட்டு எனக்குப் பழகிடுச்சு', அடுத்த அத்தியாயத்தில் யொன்ஹ்வா வாயிலிருந்து வந்தது. யார்தான் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இன்று தண்ணீர் பிடிக்க எழுந்தவள் போரமின் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். அடுத்த கட்டத்துக்கான பின்னணி. யொன்ஹ்வாவின் ஜன்னலுக்குக் கீழே நாயகன் காத்து நிற்கும் சந்து. பக்கத்தில், பார்த்து வரைவதற்காகத் திறந்து வைத்த புகைப்படம். உச்சி வெயிலில் ஒரு சிவப்புச் செங்கல் வீடு. இரண்டாம் மாடி ஜன்னலில் வெட்டிய தண்ணீர் பாட்டிலில் வெங்காயத்தாள் வளர்ந்திருந்தது. பாட்டிலைச் சுற்றி நீல நாடா. அந்த நாடாவைக் கட்டியது அவள்தான்.

"இது யார் அனுப்பினது?"

"எழுத்தாளர்தான் அக்கா. எப்பவும் அவரே போய் எடுத்துட்டு வருவாரே. ஏன்?"

பதில் சொல்வதற்குள் தோஹ்யொனே வந்துவிட்டான். கோட்டுக்குள் வைத்துச் சூடு ஆறாமல் கொண்டுவந்த அக்ரூட் கேக் பொட்டலத்தை மேசையில் பிரித்து வைத்தான். எல்லாரும் விரும்பும் மனிதன். குரல் உயர்த்தியே யாரும் கேட்டதில்லை.

நாரே நேராகவே கேட்டாள். "சார், இந்த வீட்டை எங்கே எடுத்தீங்க?"

"மாங்வொன் பக்கம் எங்கேயோ. செங்கல் வீடெல்லாம் ஒண்ணு மாதிரிதானே இருக்கும்?"

"இது என் வீடு."

போரம் வாயில் போட்ட கேக்கை மென்று விழுங்க மறந்தாள். தோஹ்யொன் சிரித்தான். "அப்படியா? நல்ல பொருத்தம்தான். அந்த ஜன்னல்ல மஞ்சள் வெளிச்சம் வரும் பாருங்க, அது எனக்குப் பிடிச்சுது. இப்பல்லாம் எல்லாரும் வெள்ளை விளக்குதானே போடறாங்க."

"அட, நம்ம கதையே நடக்குது போலிருக்கே," என்றாள் மிக்யொங். "நாரே, உன் கன்னத்தைப் போய்க் கண்ணாடில பாரு. எப்படிச் சிவந்திருக்கு!"

முகம் கொதித்தது உண்மைதான். அது என்ன கொதிப்பு என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறந்து என்ன சொன்னாலும் மேலே இன்னொரு பூச்சு பூசிவிடுவார்கள் என்று தோன்றியது.

"சரி, காபி வாங்கிட்டு வரேன்," என்று எழுந்தான் தோஹ்யொன். "நாரேவுக்கு ஐஸ் போடாம. தொண்டை சரியில்லைல்ல?"

தொண்டை வலியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நேற்று வீட்டுச் சந்து முனை மருந்துக்கடையில்தான் மாத்திரை வாங்கினாள்.

அவன் பின்னால் கதவு மூடிக்கொண்டது. நாரே உட்கார்ந்து, 'வெட்கம்' லேயரின் கண்ணை மூடினாள். அடுத்த கட்டத்திலும் மூடினாள். ஜன்னல் கட்டத்தில் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு யொன்ஹ்வா கீழே பார்க்கும் முகத்திலும் மூடினாள். பிறகு அத்தியாயத்தை மிக்யொங்கின் கணினிக்கு அனுப்பினாள்.

"கடைசியா ஒரு தடவை பாத்துடுங்க அக்கா."

மிக்யொங் கேக்கைக் கடித்தபடி திரையை உருட்டினாள். விரல் நின்றது. "சிவப்பு எங்கடீ?"

"எடுத்துட்டேன். நான் ஒரு கோடுகூட மாத்தலை. எல்லாம் நீங்க வரைஞ்சதுதான்."

மிக்யொங் லேயரின் கண்ணைத் திறந்தாள், காதல் வந்தது. மூடினாள், போயிற்று. திறந்தாள், மூடினாள். கடித்த கேக் கையிலேயே இருந்தது. எத்தனையோ அத்தியாயங்களாக அவளே வரைந்த முகத்தை யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, போரமின் திரையிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் வெறும் வெயில். உள்ளே இருட்டு.

"நாரே," என்றாள் மெல்ல. "உன் அறை விளக்கு என்ன நிறம்?"

"மஞ்சள்."

கீழே படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. கதவுப் பூட்டின் எண்களை யாரோ ஒவ்வொன்றாக அழுத்தினார்கள். பீப், பீப் என்று அது ஒலித்துக்கொண்டிருந்தபோது, மிக்யொங்கின் பேனா முனை மூடியிருந்த அந்தச் சின்னக் கண்ணுக்கு மேலேயே நின்றது.