இதய நோய் உண்டா, இல்லையா?

கப்பலில் எந்த அறை வேண்டும் என்று மூன்று வாரம் யோசிப்பவர்கள், காப்பீட்டுக்கு மூன்று நிமிடம்கூட ஒதுக்க மாட்டார்கள். ரொசாரியோவில் இருபத்தாறு வருடமாகப் பயண ஏஜென்சி நடத்துகிறேன். இந்த விஷயத்தில் என் பொறுமை எப்போதோ தீர்ந்துவிட்டது.

எவரிஸ்தோ பெர்தோனியும் அந்த ரகம்தான். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், வயது எழுபத்தொன்று. புவெனோஸ் ஐரிஸில் கிளம்பி பிரேசில் கரையோரமாகப் போகும் கப்பலில் தனக்கும் மனைவி தெல்மாவுக்கும் இடம் போட்டிருந்தார். தெல்மா அண்ணி பிறந்ததிலிருந்து எங்கள் பரானா ஆற்றை மட்டுமே பார்த்தவர். அறுபத்தெட்டு வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. எப்படியும் காட்டிவிடுகிறேன் என்று மனிதர் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

ஒருநாள் காலை, நிரப்பிய காப்பீட்டுப் படிவத்தோடு தனியாக வந்தார். மாத்தே மூலிகைத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இருக்கிற வழிகளைச் சொன்னேன். ஓய்வூதியர்களுக்கான மருத்துவத் திட்டம் நாட்டு எல்லையைத் தாண்டினால் செல்லாது. கடன் அட்டையோடு இலவசமாக வருவது பெட்டி தொலைந்தால் உதவும், அவ்வளவுதான். நடுத்தரத் திட்டம் கால் பிசகினாலோ காய்ச்சல் வந்தாலோ போதும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் சேர்த்து எடுக்கிற ஒன்று இருக்கிறது. அவசரமென்றால் கப்பலிலிருந்து இறக்கி மருத்துவமனையில் சேர்ப்பார்கள், கூட வந்தவர் தங்கவும் இடம் தருவார்கள். ஆனால் நோயை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

மனிதர் நடுத்தரமே போதும் என்றார். படிவத்தைப் பார்த்தேன். ‘இதய நோய் உண்டா?’ என்ற கேள்விக்கு நேரே, ‘இல்லை’ என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், அதுவும் யாரிடம்? எங்கள் ஊரில் பெரிய ஆபரேஷன் என்றால், செலவாகும் ரத்தத்துக்கு ஈடாக ரத்தம் கொடுக்க வீட்டார்தான் ஆள் திரட்ட வேண்டும். மூன்று வருடம் முன்பு இவருக்கு பைபாஸ் நடந்தபோது, இவர் பந்து உருட்டி விளையாடும் மன்றமே வரிசையில் நின்றது.

“அண்ணே, உங்களுக்காக ரத்தம் குடுக்க பதினோராவது ஆளா நின்னவ நான். என்கிட்டயே இந்த வேலையா?” என்றேன்.

அவருக்குக் காது சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் சமாளித்துப் பார்த்தார், பிறகு உண்மையைச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறான்: ‘உண்டு’ என்று எழுதினால் அந்தத் தாள் நேராகக் கேப்டன் கைக்குப் போய்விடுமாம், துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

“என்னைய எறக்கி விட்டா அவளும் எறங்கிருவா, நில்டா. நான் இல்லாம எங்கயும் போகமாட்டா. அப்புறம் அவ எந்தக் காலத்துல கடலைப் பாக்கறது?”

எனக்கு வந்த கோபமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் மேல் திரும்பியது. இவர் மேல் பாசம்தான் பொங்கியது. ஆனால் பாசத்தைக் காட்டினால் மனிதர் அந்தக் குறியை மாற்ற மாட்டார்.

“கேப்டன் இதைக் கண்ணால கூடப் பாக்கமாட்டாரு. இன்சூரன்ஸ்காரன் பாப்பான், அதுவும் நீங்க நெஞ்சைப் புடிச்சிக்கிட்டுப் படுக்கற அன்னிக்கு. பொய்னு தெரிஞ்சா கைய விரிச்சிருவான். நீங்க பாட்டுக்குக் கட்டில்ல கெடப்பீங்க. மொழி தெரியாத ஊர்ல, ரெண்டு பெட்டியையும் வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கப்போறது யாரு? அண்ணிதான?”

அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நோய்க்கும் சேத்து எடுக்கற ஃபாரத்தையே குடு” என்றார்.

ஆபரேஷன் நடந்த வருடம், மருத்துவர் பெயர், விழுங்குகிற ஐந்து மாத்திரைகள், எல்லாவற்றையும் எழுதினார். மறுநாள் மருத்துவரின் கடிதமும் வந்தது. காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் யோசித்த இரண்டு நாளும் கடைக்கு வந்தவர்கள் மீதெல்லாம் எரிந்து விழுந்தேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் கப்பல் கிளம்பியது. பிரேசிலின் சால்வதோர் துறைமுகத்தை நெருங்கும்போது அவருக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. தெல்மா அண்ணி, தன் கைப்பையில் நான் செருகிவிட்ட கம்பெனியின் அவசர எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார். எடுத்த பெண், அண்ணி பெயரைச் சொன்னதுமே பைபாஸ் ஆனதையும் மாத்திரைகளையும் படித்துச் சொன்னாளாம். கப்பல் கரை சேரும்போது ஆம்புலன்ஸ் காத்து நின்றது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அண்ணிக்கு மருத்துவமனைக்கு எதிரிலேயே ஓட்டலில் அறை கொடுத்தார்கள்.

கப்பல் கிளம்பிய ஒன்பதாம் நாள் அண்ணியின் குரல் என் போனில் வந்தது.

“நில்டா, கப்பல் எங்கள விட்டுட்டுப் போயிருச்சு. அவரு நல்லாருக்காரு, உப்பில்லாத கஞ்சிக்கு நர்ஸைத் திட்டுற அளவுக்குத் தெம்பு வந்திருச்சு. ஓட்டலுக்கு எதுத்தாப்புலயே கடல். தெனம் காலைல கால நனைச்சிட்டு வந்து, இன்னிக்கு அலை எப்படின்னு அவருகிட்டச் சொல்றேன். நாளைக்கு அவரும் மெல்ல நடந்து வரலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்புறம்...”

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. “இன்னும் ரெண்டு நாளு சேத்துத் தங்க வழி இருக்கான்னு கேளு அவள.”

கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். விமானத்தில் உட்கார உடம்பு தேறும்வரை இருவருமே தங்கலாம், எப்படியும் இன்னும் நான்கு நாள் ஆகும் என்றார்கள்.