பேர்த் போகிற வழி

“இப்ப முந்தாதையும். கொஞ்சம் பின்னால வாரும். அவன்ர கண்ணாடியில எங்கட கார் தெரியவேணும்.”

ரஞ்சினி காலை மெல்ல எடுத்தாள். முன்னால் ரயில் மாதிரி மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு போன ட்ரக்கின் பின்புறம் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. சிட்னியில், வீட்டுக்குக் கிட்ட வென்ட்வேர்த்வில் கடைத்தெருவில் காரை நிறுத்தவே அவள் முன்னும் பின்னும் பல தடவை போய்வர வேண்டும். பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடித்தால் நிறுத்தாமலே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

“பயமாக்கிடக்கப்பா.”

“பயம் இருக்கட்டும். காலை மட்டும் எடுக்காதையும். எதிரில ஒண்டும் இல்லை, பாரும்.”

எதிரில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. இரவு பெற்றோல் அடித்துத் தங்கிய றோட்ஹவுஸிலிருந்து காலையில் வெளிக்கிட்ட கொஞ்ச நேரத்திலேயே, இனி வளைவே கிடையாது என்று ஒரு பலகை சொல்லியிருந்தது. அதன்பிறகு றோட்டு கோடு போட்டது போலக் கிடந்தது. இரண்டு பக்கமும் செம்மண், முழங்கால் உயரப் பற்றைகள், பிறகு வானம்.

பக்கத்து இருக்கையில் அவளுடைய கணவர் அரியரத்தினம் முன்னால் குனிந்து, டாஷ்போர்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கைக்குள் அவருடைய கை ஒரு தடியைப் போலக் கிடந்தது. “ம், இப்ப எடும். மிதியும். மிதியும் எண்டுறன்.”

அவள் வலப்பக்கம் எடுத்து மிதித்தாள். ஒரு பெட்டி போயிற்று. அடுத்தது போயிற்று. மூன்றாவது முடியவே முடியாது போலிருந்தது. பிறகு ட்ரக்கின் முகம் பக்கத்தில் வந்து, பின்னால் போய், கண்ணாடிக்குள் சிறுத்தது. டிரைவர் ஒருமுறை லைற்றை வெட்டிக் காட்டினான். அரியரத்தினம் கையைத் தூக்கினார். பஸ் ஓடுகிறவர்கள் எதிரில் வருகிற பஸ்ஸுக்குத் தூக்குகிற மாதிரி, நான்கு விரலை மட்டும்.

“பரவாயில்லை,” என்றார்.

அவரிடமிருந்து அந்தச் சொல்லை வாங்குவது லேசான காரியம் அல்ல. அவள் சிரித்துக்கொண்டாள்.

சிட்னிக்கு வந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் பஸ்தான் ஓடினார். பரமற்றாவிலிருந்து எங்கே போனாலும் கடைசித் தரிப்பில் பலகையை மாற்றிவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். “ஒருநாளைக்குத் திருப்பாமல் ஓடிப்பாக்கவேணும், ரஞ்சி. மேற்குக் கரையில பேர்த் வரைக்கும்,” என்பார். முதலில் மகளின் கலியாணம் வந்தது. பிறகு ரஞ்சினிக்கு முழங்கால் ஒப்பரேஷன். பிறகு கொரோனா வந்து மாநில எல்லைகளையெல்லாம் பூட்டினார்கள். எல்லாம் திறந்த பிறகு, அவருடைய கணையத்தில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள்.

இனி மருந்து ஏற்றிப் பயனில்லை என்று டாக்டர் சொன்ன கிழமை, மெல்பேர்னிலிருந்து மகள் சயந்தினி வந்து நின்று எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தாள். அவள் பல் வைத்தியர். எதையும் ஒழுங்காகச் செய்வாள். அங்கே பொயிண்ட் குக்கில் தன் வீட்டு அறையொன்றைக் காலி செய்து, ஏற்றி இறக்கக்கூடிய ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தாள். “எப்ப வாறியள்?” என்று தினமும் கேட்டாள்.

ஒருநாள் மத்தியானம் குசினிக் கதிரையில் இருந்து கஞ்சியைக் கலக்கியபடி அரியரத்தினம் கேட்டார்: “ரஞ்சி, நீர் கார் ஓடுவீரோ?”

கடைக்கென்றுதான் அவள் நினைத்தாள். “எங்க போகவேணும்?”

“நான் ஏலுமட்டும் ஓடுறன். ஏலாத இடத்தில நீர் எடும்.”

அவருக்கு எது சுகம், எது ஆபத்து என்று அவளுக்குத் தெரியாமலில்லை. முதியோர் இல்லத்தில் அவள் பராமரிப்பு வேலை செய்தவள். எத்தனையோ பேரின் கடைசிக் கிழமைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களை அவள் அறிவாள். அதனால்தான் அவள் டாக்டரிடம் வலி மருந்தைக் கூடுதலாகக் கேட்டு வாங்கினாள். அதனால்தான் மகளிடம், “அடிலெய்டில சிறிதரனைப் பாத்திட்டு, அப்பிடியே உன்ர வீட்ட வாறம் பிள்ளை,” என்று பொய் சொன்னாள். சிறிதரன் அவருடைய பழைய கூட்டாளி. அவர்கள் அடிலெய்டைத் தாண்டிப் போன பிறகும், சயந்தினி ஃபோன் எடுக்கும்போதெல்லாம் “இப்பதான் பிள்ளை படுத்தவை” என்று சொல்லி மனிதன் சமாளித்துக்கொண்டிருந்தார்.

பாலைவெளி தொடங்குகிற செடூனாவில் அரியரத்தினத்தால் அதற்கு மேல் முடியவில்லை. மோட்டல் வாசலில் வைத்து கார்த் திறப்பை அவள் கையில் கொடுத்தார்.

“ஒண்டு சொல்லுறன். எங்க முடியுதோ, அங்கயிருந்து முன்னாலதான் கொண்டுபோகவேணும். சிட்னிக்குத் திருப்பிப்போடாதையும்.”

“விசர்க்கதை கதைக்காதேங்கோ,” என்று சொல்லிவிட்டு அவள் திறப்பை வாங்கிக்கொண்டாள்.

மாநில எல்லையில் பழம் காய்கறி சோதிக்கிறவர்கள் அவர்களுடைய தேசிக்காயையும் கறிவேப்பிலையையும் எடுத்துக் குப்பையில் போட்டபோது, “என்னையும் பிடிச்சு வைச்சிருப்பாங்கள், வெளிநாட்டுச் சாமான் எண்டு,” என்று அரியரத்தினம் சொல்ல, அவள் அடக்கமாட்டாமல் சிரித்தாள். அது நேற்று.

இப்போது ட்ரக் கண்ணாடியிலிருந்தே மறைந்துவிட்டது. அவர் இருக்கையைப் பின்னால் சரித்துச் சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தத் தொப்பியைத் தாரும், வெயில் கண்ணில அடிக்குது,” என்றார். அவள் கண்ணை றோட்டிலிருந்து எடுக்காமல் ஒரு கையால் பின் இருக்கையில் துழாவி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார்.

அவள் கதைத்துக்கொண்டு ஓடினாள். கதைத்தால் பயம் குறைந்தது. சிறிதரன் வீட்டுப் புட்டில் தேங்காய்ப்பூ காணாதென்றும், அவருடைய மனிசிக்கு அதை எப்படிச் சொல்வதென்றும், பேர்த்தில் கடலோரமாக ஒரு மோட்டல் பார்க்கவேண்டும், மாடி இல்லாததாக இருந்தால் நல்லது என்றும் சொன்னாள். தூரத்தில் இரண்டு ஈமு றோட்டைக் கடந்தன. “அங்க பாருங்கோ,” என்றாள்.

பதில் இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. மூச்சு நின்ற அறையின் அமைதி வேறு. வேலைக்குப் போன இடத்தில் கதவைத் திறந்த உடனேயே அவளுக்கு அது பிடிபட்டுவிடும். கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றுவிடுவாள். இப்போது கையில் ஸ்டியரிங் இருந்தது. காலை எடுக்காமல் கொஞ்சத் தூரம் ஓடினாள். றோட்டோரத்தில் ஒரு தரிப்பிடம் வந்தது. இண்டிகேற்றரைப் போட்டு, ஒழுங்காக நிறுத்தி, ஹேண்ட் பிறேக்கை இழுத்தாள்.

தொப்பியை எடுத்தாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். கண்ணிமைகளை மூடினாள். வாயோரத்தைச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனாள். தான் காற்சட்டை போட்டிருப்பது அப்போதுதான் நினைவு வந்தது. பிறகு பழக்கத்தில் மணியைப் பார்த்தாள். காரில் இன்னும் சிட்னி நேரம். வழியில் றோட்ஹவுஸ்காரர்கள் வேறு வேறு நேரம் சொன்னார்கள். இந்த இடத்தில் இப்போது என்ன நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஃபோனில் சிக்னல் இல்லை. ஜன்னலைத் திறந்ததும் ஈக்கள் உள்ளே வந்தன. மறுபடி மூடினாள்.

அவருடைய கை இன்னும் சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அழுகை வரவில்லை.

தரை அதிரத் தொடங்கியது. அவள் முந்திவந்த ட்ரக் நெடுந்தூரம் பிறேக் பிடித்து வந்து நின்றது. தாடி வைத்த பெரிய மனிதன் ஒருவன் இறங்கி வந்தான்.

“எல்லாம் சரியா, லவ்?” முன்பின் தெரியாத பெண்ணையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“என் கணவர் இறந்துவிட்டார்,” என்றாள் அவள் ஆங்கிலத்தில். சொன்ன பிறகு, அதை முதலில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டோமே என்றிருந்தது.

அவன் குனிந்து உள்ளே பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். பிறகு, இங்கே காத்திருந்தால் யாராவது வர வெகுநேரமாகும், வெயிலும் ஏறுகிறது, அடுத்த றோட்ஹவுஸுக்கு ட்ரக்கின் ரேடியோக் கருவியில் சொல்லிவிடுகிறேன், உங்களால் ஓட முடியுமா என்று கேட்டான்.

“முடியும்.”

“எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் போங்கள். நான் பின்னால் வருகிறேன்.”

அவள் அவருடைய பெல்ட்டைச் சரிபார்த்துவிட்டுக் காரை எடுத்தாள். ஆறுதலாக ஓடினாள். ட்ரக் இடைவெளி விட்டு, பகலிலும் எல்லா லைற்றையும் எரியவிட்டுக்கொண்டு பின்னால் வந்தது. எதிரில் கரவன் வண்டிவீட்டை இழுத்துவந்தவர்கள் ஒன்றும் தெரியாமல் கை காட்டிவிட்டுப் போனார்கள். அவளும் விரலைத் தூக்கினாள்.

றோட்ஹவுஸ் பெண்மணி பின்பக்க அறையொன்றை ஒதுக்கி, குளிரூட்டியைப் போட்டுவைத்திருந்தாள். ட்ரக் டிரைவரும் சமையல்காரரும் சேர்ந்து அவரைத் தூக்கிக் கிடத்தினார்கள். ரஞ்சினி ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கேட்டாள். கதவைச் சாத்திவிட்டு, எத்தனையோ அந்நியருக்குச் செய்தது போல, முகம், காதின் பின்புறம், கைகள், விரலிடுக்குகள் என்று துடைத்தாள். கால்களுக்கு வந்தபோது மட்டும் தரையில் இருந்துவிட்டாள்.

பொலிஸ்காரர் வந்து, சிட்னி டாக்டருடன் கதைத்து, எல்லாம் சரி என்றார். பிறகுதான் அவள் கடை ஃபோனை எடுத்தாள்.

“பிள்ளை, வேலையிலயோ நிக்கிறாய்?”

“ஓம், கிளினிக்கில. ஏனம்மா? இதென்ன நம்பர்?”

“இருந்துகொண்டு கேள்.”

அந்தப் பக்கம் பல் துளைக்கிற மெஷின் சத்தம் எங்கோ கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கதவு மூடிக்கொள்ள, அந்தச் சத்தமும் நின்றது.

“அப்பாவோ?”

“ஓம். நித்திரை மாதிரித்தான் போனவர். நோகேல்லை.”

கதிரை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு சயந்தினி மூக்கை உறிஞ்சினாள். “நான் இப்பவே வாறன். அடிலெய்டில எந்த ஆஸ்பத்திரி?”

“அடிலெய்டில இல்லை,” என்றாள் ரஞ்சினி.

அன்று இரவே அவரை வழியில் அடுத்த ஊரான நோஸ்மன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அந்த ஊருக்குள் வந்த பஸ்ஸிலிருந்து சயந்தினி இறங்கினாள். இரண்டு விமானம் மாறி, இரவு முழுக்க எங்கெல்லாமோ இருந்துவிட்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த தாயைக் கடந்து நேரே உள்ளே போனாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். தாய் உட்கார்ந்திருந்த வாங்கின் மறுகோடியில் அமர்ந்தாள்.

“கட்டில் நேற்றுத்தான் கொண்டுவந்து பூட்டினவங்கள்,” என்றாள். “ஜன்னலுக்குப் பக்கத்தில போடச் சொன்னனான். அப்பா வெளியில பாக்கலாம் எண்டு.”

“தெரியும் பிள்ளை.”

“எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியோ?”

சயந்தினி தன் நகங்களைப் பார்த்தாள். “இல்லை,” என்றாள் பிறகு. “ஆனா நானும் வந்திருப்பன்.”

அவளையும் கூட்டிவந்திருக்கலாம் என்று ரஞ்சினிக்கோ அரியரத்தினத்துக்கோ தோன்றவே இல்லை.

“சிட்னிக்குக் கொண்டுபோக ஆக்களோட கதைச்சிட்டன்,” என்றாள் மகள். “அங்கதான் எல்லாரும் இருக்கினம். ஹோலும் புக் பண்ணலாம்.”

“பேர்த்துக்குத்தான் போகவேணும். அப்பா அப்பிடித்தான் சொன்னவர். அவரைக் கொண்டுபோற வானும் ஒழுங்கு பண்ணிட்டன்.”

“பேர்த்தில ஆரம்மா இருக்கினம் எங்களுக்கு?”

“ஒருத்தரும் இல்லை.”

“அப்ப செத்த வீட்டுக்கு ஆர் வருவினம்?”

“நானும் நீயும்.”

சயந்தினி எழுந்து வீதியோரம்வரை போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஃபோனை எடுத்தாள், யாருக்கும் அடிக்காமல் மறுபடி பையில் போட்டாள். அவரை ஏற்றிய சாம்பல் நிற வான் ஆஸ்பத்திரியின் பக்கவாசலிலிருந்து வெளியே வந்து, சந்தியில் நின்று, வடக்கே திரும்பியது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து கையை நீட்டினாள். “திறப்பைத் தாங்கோ. நான் ஓடுறன்.”

“நீ நித்திரை கொள்ளேல்லை. நான் ஓடுறன்.”

“நீங்களோ? இந்த றோட்டிலயோ?”

ரஞ்சினி அதற்குள் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறிவிட்டாள். சயந்தினி சுற்றிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். இருக்கை பின்னால் நன்றாகச் சரிந்திருந்தது. ட்ரக்கை முந்திய பிறகு அரியரத்தினம் தானே சாய்த்துக்கொண்ட அளவு அது. பிறகு அதை யாரும் தொடவில்லை.

அவள் ஏறினாள். அவளுடைய கை பழக்கத்தில் இருக்கையின் பக்கவாட்டில் இறங்கி, நிமிர்த்துகிற பிடியைத் தேடி எடுத்தது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு வெறுமனே மேலே வந்து பெல்ட்டை இழுத்துப் பூட்டியது. அவள் மல்லாந்தபடியே கிடந்தாள். அந்தச் சரிவிலிருந்து றோட்டு தெரியாது, வானம் மட்டும்தான் தெரியும்.

ரஞ்சினி இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு வாகனமும் இல்லை. இருந்தாலும் வான் போன பக்கத்துக்கு இண்டிகேற்றரைப் போட்டாள். அது கொஞ்ச நேரம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.