சுற்றுப்பாதையில் இரண்டு தழைகள்

1

1984, கார்த்திகை, மழை விட்ட மறுநாள். செங்கத்துக்கு இறங்கும் ஜீப்பில் எனக்கு எதிரே ஒருவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதம் முழுக்கக் கொப்புளம்.

"எங்கக்கா ஜெயிச்சிட்டாய்யா," என்றார் டிரைவரிடம். சொல்லிவிட்டுச் சிரித்தார். தோற்றவரின் சிரிப்பு இல்லை அது.

நான் கேட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது, அக்காவின் பெயர் உட்பட.

2

முதல் தொடக்கம்: மேகங்கள் ஜவ்வாது மலையைத் தழுவிக்கொண்டிருந்த அந்த

வேண்டாம். மேகத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாம் தொடக்கம்: செந்தாமரையின் காலை முறித்தது அவளுடைய சொந்தப் புளியமரம்.

இது நிற்கும். புளி உலுக்க ஏறினாள், கிளை முறிந்தது. கட்டுப் பிரித்தபோது வலது கால் சற்றுக் குட்டையாகியிருந்தது. ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டில் அவள் வீடு சரிவின் கீழே இருந்தது. சாமைக் கொல்லை சரிவின் மேலே. தனி ஆள். செங்கத்தில் தையல் கடை வைத்திருந்த தம்பி சிங்காரம் அவளைக் கூட்டிப்போக வந்தான்.

"கொல்லைக்கே ஏற முடியல, இங்க இருந்து இன்னா பண்ணப் போற? வூட்டப் பூட்டிட்டு வாக்கா. கடைக்குப் பின்னால ரூம்பு காலியா கீது."

"உன் ரூம்புல சாமை வெளையுமாடா?"

3

அந்த வருடம் காட்டு இலாகா, மலை பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு சுற்றுப்பாதை வெட்டியிருந்தது. இலாகா பங்களாவில் தொடங்கி, ஓடையைத் தாண்டி, கணவாய்க்கு ஏறி, மூங்கில் காட்டு வழியாக இறங்கி, மறுபடியும் பங்களா. மலைக்காரர்களுக்கு அது பெரிய வேடிக்கை. பொறப்பட்ட எடத்துக்கே வர்றதுக்கு இன்னாத்துக்குப் பொறப்படணும்?

சிங்காரத்துக்கு அது உதவியது.

"பட்டணத்து ஜனங்க சுத்துற வழி. யாரு கையும் புடிக்காம ஒரு சுத்து வந்துடு. அப்பால நா வாயத் தொறக்கல. முடியலன்னா ஜீப்புல ஏறிடணும்."

"நீயும் கூட வா. இல்லன்னா குறுக்கால பூந்து வந்துட்டேன்னு சொல்லுவ."

4

ஒரு பிரதியில் செந்தாமரைக்குக் கைத்தடி கொடுத்திருந்தேன். ஓடைக்கரையில் அவள் அதை [கோபமாக] [மெதுவாக] கீழே வைத்தாள். எந்தச் சொல்லும் பொருந்தவில்லை. தடியையே எடுத்துவிட்டேன்.

ஆகவே தடி இல்லாமல் ஓடை. கற்கள் வழுக்கின. உட்கார்ந்து, கல்லுக்குக் கல் நகர்ந்து கடந்தாள். புடவை இடுப்புவரை நனைந்தது.

"கை குடுக்கட்டுமா?"

"உன் கைய ஜோபியில வெச்சுக்கோ."

ஏற்றம் தொடங்கியது. இந்த இடத்தில் அவள் விழவேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். அவள் விழவில்லை. பாதை நெடுக மலை வலது கைப்பக்கம். குட்டைக் கால் மேட்டுப் பக்கமும் நெட்டைக் கால் பள்ளத்துப் பக்கமும் விழுந்தன. சமதரையில் நொண்டியவள் சரிவில் நேராக நடந்தாள். முதலில் அவளே நம்பவில்லை. பத்தடி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"டேய் டைலர்! என் காலு மலைக்குன்னே அளவெடுத்து வெட்னாப்ல கீதுடா!"

சிங்காரம் புதுச் செருப்பு கடித்த இடத்தை ஊதிக்கொண்டிருந்தான்.

5

கணவாயில் ஒரு பாறை. அதைத் தாண்டுகிறவர்கள் பச்சைத் தழை ஒடித்து அதன்மேல் வைப்பார்கள். அதே வழியில் திரும்பும்போது தன் தழையை எடுத்துப் பள்ளத்தில் எறிவார்கள். பாறைமேல் தழை கிடந்தால், யாரோ இன்னும் வீடு திரும்பவில்லை.

(இந்த வழக்கம் எந்த ஊரில் என்று தேடவேண்டாம். இந்தக் கதையில் உண்டு.)

செந்தாமரை தழை வைத்தாள். பின்னால் தத்தித் தத்தி வந்த சிங்காரமும் ஒன்று ஒடித்து வைத்தான். செங்கத்துக்குப் போய் இத்தனை வருடமாகியும் கை மறக்கவில்லை.

அப்புறம் இறக்கம். மூங்கில் காடு. தம்பிக்காக அவள் இரண்டு இடத்தில் நின்றாள். பங்களா கேட்டை அவள் தொட்டபோது அவன் இன்னும் வளைவில் வந்துகொண்டிருந்தான். கேட்டின் இரும்பை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள். காட்டுக்கே கேட்டது.

6

முடிவு அ: அக்கா மலையில் இருக்கிறாள். சாமை அறுவடை. சுபம்.

முடிவு ஆ: தம்பி தையல் மிஷினை மலைக்குத் தூக்கி வந்து

இல்லை. அது என் ஆசை, அவனுடையது அல்ல.

இரண்டையும் செந்தாமரை ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டருகே அவள் திரும்பிக் கணவாயைப் பார்த்தாள். சுற்றுப்பாதையில் யாரும் வந்த வழியே திரும்புவதில்லை. தழை பாறைமேலேயே கிடக்கிறது. அவள் திரும்பவில்லை என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டு.

அதை எடுக்க மூங்கில் காட்டு வழியாக ஏறி, கணவாயைத் தாண்டி, ஓடைப் பக்கம் இறங்கவேண்டும். எதிர்ச்சுற்று. மேடு இடது பக்கம் வரும். குட்டைக் கால் பள்ளத்தில் தொங்கும்.

ஜீப்பில் இருந்தவர் ஒரு சுற்றுச் சுற்றினாரா, இரண்டா என்று நான் கேட்கவில்லை. கொப்புளங்களைச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் பாடு.

"அதான் ஜெயிச்சிட்டியேக்கா," என்று சிங்காரம் புல்லில் சரிந்தான். "வூடு உன்னுது, மலை உன்னுது. நா வாயத் தொறக்கல. ஒக்காரு."

செந்தாமரை ஈரப் புடவையை வரிந்து செருகினாள். கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அங்க ரெண்டு தழ கெடக்குது. என்னுத நா எடுத்துடுவேன். உன்னுத யாருடா எடுக்கிறது?"