எழுபத்திரண்டு

எடை மெஷின் ரிப்பேர்காரரின் உடம்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு எழுபத்திரண்டு கிலோவிலிருந்து அறுபத்தெட்டு கிலோவாக இறங்கியது. அப்போது அவர் பெரிய ஆஸ்பத்திரியின் இதய வார்டில் நோயாளிகளின் எடை பார்க்கும் மெஷினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார். சட்டை தொளதொளக்கவில்லை, பெல்ட்டும் அதே ஓட்டையில்தான் இருந்தது. ஆகவே மெஷின்தான் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டி, முள் எழுபத்திரண்டில் வந்து நிற்கும்வரை அடியிலிருந்த திருகைத் திருப்பிவிட்டு, அடுத்த வேலைக்குக் கிளம்பினார்.

முறைப்படி பார்த்தால், முத்திரை குத்திய இருபது கிலோ இரும்பு எடைக்கற்கள் நான்கை ஏற்றித்தான் மெஷினைச் சோதிக்க வேண்டும். அவரிடமும் அவை இருந்தன, வீட்டுக் கதவுக்குப் பின்னால், பதினோரு வருடமாக. எண்பது கிலோ இரும்பை மாடி மாடியாகச் சுமக்க எந்த மடையனுக்கு ஆசை? அவர் உடம்பு பதினோரு வருடமும் விருந்து, காய்ச்சல், கவலை எதற்கும் ஒரு கிராம் அசைந்துகொடுத்ததில்லை. தானே ஏறி நிற்பார், முள்ளைப் பார்ப்பார், திருகுவார், முடிந்தது. கடைத்தெருவில் அவரை எழுபத்திரண்டு என்றே கூப்பிட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார். அஞ்சு கிலோவுக்குச் சரியாகக் காட்டுகிற மெஷின் எண்பது கிலோவுக்குக் கூசாமல் பொய் சொல்லும், அதனால் முழுப் பாரம் ஏற்றாமல் எந்த மெஷினையும் நம்பாதே என்று கடைக்குக் கடை சொல்லுவார். கேட்டுக் கேட்டுக் கடைக்காரர்களுக்குக் காதே புளித்துப்போயிருந்தது.

அவர் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. மாடிப்படியில் நாலு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவாள். இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புது வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதன் விலை டாலரில். இவர் வயிற்றைக் கட்டிப் பத்தாயிரம் சேர்ப்பதற்குள் டாலர் ஏறி வால்வின் விலை பன்னிரண்டாயிரம் கூடியிருக்கும். அப்படி அவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நாளில்தான் செல்போன் கடை வைத்திருந்த மச்சினன் வந்து ஸ்டேபிள் காயின் என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னான். மற்ற கிரிப்டோ மாதிரி இது குதிக்காது, விழாது, ஒரு காயின் என்றைக்கும் ஒரு டாலர் என்றான். என்றைக்கும் ஒரே எண்ணில் நிற்கிற பொருள் என்றதும் ரிப்பேர்காரருக்கு ஏதோ சொந்தக்காரனைப் பார்த்தது போல இருந்தது. பேராசை என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. ஏறுகிற காயின்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கீழ்வீட்டு ரிட்டயர்டு கேஷியர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் தினமும் சாயங்காலம் ரிப்பேர்காரர் வீட்டு முன்னறையில் இதே வாக்குவாதம்தான். ஒவ்வொரு காயினுக்கும் ஒரு டாலர் பெட்டகத்தில் இருக்கிறது என்று மச்சினன் சொல்ல, பெட்டகத்தை எண்ணிப் பார்த்தது யார் என்று கேஷியர் கேட்டார். கம்பெனியே கணக்கு வெளியிடுகிறது என்றான் அவன். திருடனே எழுதிக்கொடுத்த நற்சான்றா என்றார் கேஷியர். மச்சினனும் லேசுப்பட்டவன் இல்லை. "நீங்க வேலை பார்த்த பேங்க்லயே ஒரு தடவை ஆறு நாள் ஷட்டரை இறக்கினாங்களே, சார்?" என்று மடக்கினான். கேஷியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இறக்கினாங்க. ஜனங்க வந்து என் சட்டையைப் பிடிச்சாங்க. பிடிக்கிறதுக்கு ஒரு சட்டை இருந்துச்சு தம்பி. உன் காயினுக்குச் சட்டை எங்க?"

மனைவி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "கேட்ட அன்னிக்கு முழுசையும் திருப்பித் தருவாங்களாங்க?" நியாயமான கேள்வியாகப் பட்டதால் ரிப்பேர்காரர் சோதித்துப் பார்த்தார். ஐம்பது டாலரைப் போட்டு மறுநாளே திருப்பிக் கேட்டார். நாலு நிமிடத்தில் வந்தது. அடுத்த வாரம் நூறு. மூன்றே நிமிடம். அவருக்குத் திருப்தியாகிவிட்டது. வால்வுக்குச் சேர்த்த மொத்தத்தையும் போட்டார். அஞ்சு கிலோவுக்குச் சரியாகக் காட்டிய மெஷினை அவர் நம்பியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் பார்சல் ஆபீஸ் மெஷினில் ஏறினால் முள் ஐம்பத்தெட்டில் நின்றது. திருகில் கையை வைத்தவர், பக்கத்திலிருந்த இரண்டாவது மெஷினிலும் ஏறிப் பார்த்தார். அதிலும் ஐம்பத்தெட்டு. இரண்டு மெஷின் சொல்லிவைத்தாற்போல ஒரே பொய்யைச் சொல்லாது. போனைத் திறந்தார். ஒரு டாலராக நிற்க வேண்டிய காயின் எண்பத்தொரு சென்ட்டில் நின்றது. எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டு விரலால் அழுத்தினார், அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது என்று மட்டும் வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருபத்தொன்பது கிலோ. வாசலில் காற்று அவரை இரண்டடி தள்ளியது. மனைவி ஓடிவந்து பிடித்தாள், பிடித்ததும் மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்தாள்.

உடம்பு இளைக்கவில்லை, தொப்பைகூட அப்படியே இருந்தது. கனம் மட்டும் போயிற்று. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், வைட்டமின் மாத்திரை எழுதினார். புதன்கிழமை போனில் காயின் விலையைக் காட்டிய ஆப்பும் உறைந்துபோய், காயின் என்ன விலை என்றே யாருக்கும் தெரியாமல் போனது. அதே காயினில் பணம் போட்டிருந்தவர்கள், காயின் விலையோடு சேர்ந்தே இவர் கனமும் இறங்குகிற விஷயம் கேள்விப்பட்டு வீட்டு முன்னால் வரிசையில் நின்றார்கள். மணிக்கொரு தரம் ரிப்பேர்காரர் மெஷினில் ஏறுவார், ஒருவர் எழுபத்திரண்டால் வகுத்து விலையைச் சத்தமாகச் சொல்லுவார். அவ்வளவு கிலியிலும் காயினை நம்பலாமா கூடாதா என்று ஒரு கூட்டம் வாசலில் வாதாடிக்கொண்டிருந்தது. திரும்ப ஏறிவிடும் என்றார் ஒரு டெய்லர். ஏறாது என்று ஒருத்தி அழுதாள். யாரோ மச்சினனின் சட்டையைப் பிடித்தார்கள். கையில் அகப்பட்ட சட்டை அது ஒன்றுதான். கேஷியர் குறுக்கே போய் விலக்கிவிட்டார். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை எட்டு கிலோவில் இருந்தவர், கதவுக்குப் பின்னாலிருந்த எடைக்கற்களில் மூன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனார். பதினோரு வருடம் சுமக்காததை அன்றைக்கு நாலு மாடி சுமந்தார். மேலே பூட்டிய கண்ணாடிக் கதவும், உள்ளே ஒரு பூச்சாடியும், வெளியே சம்பளம் வராத ஒரு காவலாளியும்தான். ரிப்பேர்காரர் கதவைத் தட்டினார், கெஞ்சினார், நெற்றியை வைத்து அழுதார். வால்வுக்குப் பதினாலாம் தேதி குறித்திருக்கிறது என்று பூச்சாடியிடம் சொன்னார். காவலாளி தண்ணீர் கொடுத்தான். தன் ஆறு மாதச் சம்பளமும் அதே காயினில்தான் இருக்கிறது என்றான்.

பதினாலாம் தேதி வந்தது, போனது. "நானே உன்னைக் கொன்னுட்டேன்" என்று அவர் கூரையிலிருந்து சொன்னார். அதற்குள் அவர் ஒன்றரை கிலோ, ஃபேன் போட்டால் மேலே போய்விடுவார். மனைவி அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைக் கீழிருந்து பிடித்து இழுத்தாள். "நான் இன்னும் சாகலைங்க. கீழ இறங்குங்க, சாப்பாடு ஆறுது." மாதக் கடைசியில் எந்த மெஷினும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கட்டில் காலில் ஓர் எடைக்கல்லும், அதில் அவர் கயிறும் நிரந்தரமாயின. அவள் பெயர் பெரிய ஆஸ்பத்திரியின் இலவசப் பட்டியலில் ஏறியது. அவளுக்கு முன்னால் நானூற்றுப் பத்துப் பேர். அவர் ராத்திரியெல்லாம் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு மிதந்தார். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

முறை வந்த காலையில் அவள் அவரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வார்டுக்குப் போனாள். இவரையும் சேர்த்தே மெஷினில் ஏறினாள். எடை இல்லாதவரை இறக்கிவைத்து என்ன பிரயோஜனம்? ஐம்பத்து நாலு என்று எழுதினாள் நர்ஸ். மயக்க மருந்து அந்த எடைக்குத்தான் கணக்கு. ரிப்பேர்காரர் அடியிலிருந்த திருகைப் பார்த்தார். அதில் தன் ஸ்பேனர் பட்ட கீறல் இருந்தது. செவ்வாய்க்கிழமை, பத்தே கால். இரண்டு வருடமாக இதில் ஏறி இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்ததும் வாய்விட்டு அலறத் தோன்றியது.

"சிஸ்டர், இந்த மெஷின் தப்பு. நான்தான் கெடுத்தேன்."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

என்னை வைத்து என்று பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "என்னை நம்பாதீங்க. அதோ அந்த சலைன் பெட்டிங்கள்ல எடை அச்சடிச்சிருக்கு பாருங்க. அதை ஏத்துங்க."

பெட்டிக்குப் பன்னிரண்டு கிலோ அறுநூறு. நர்ஸ் ஒன்றைத் தூக்கி வைத்தாள். முள் பதிமூன்றைச் சற்றே தாண்டியது. "கிட்டத்தட்ட சரியாத்தான இருக்கு?" என்றாள்.

"ஒண்ணு பத்தாது. நாலையும் ஏத்துங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்." பிடித்தும்விட்டார், மிதந்து வந்து.

நாலு பெட்டிக்கு முள் ஐம்பதரைக்குள் நிற்க வேண்டும். ஐம்பத்து மூன்றைத் தாண்டி நின்றது. திருகை நர்ஸே திருப்பினாள், ஏனென்றால் அவர் திருப்பினால் திருகு நிற்கும், அவர் சுற்றுவார். மனைவி மறுபடி ஏறினாள், ஐம்பத்தொன்று. நர்ஸ் பழைய எண்ணை அடித்துவிட்டுப் பழைய நோயாளிகளின் நோட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. அதுவரை அவரை ஒரு சலைன் ஸ்டாண்டில் கட்டிவைத்திருந்தார்கள். காற்றில் அவர் ரொம்ப ஆடியதால் ஜன்னலைச் சாத்தினார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, மூன்று மாதத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, ஸ்டாண்டிலிருந்த கயிற்றை அவிழ்த்தாள். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புருஷனை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கும் நிற்காமல் மாடிப்படி இறங்கிப் போனாள்.