திறந்து பார்க்காத முகம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையிலிருக்கும் போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். ஊருக்கே முதல் ஆளாகச் செய்தி சொல்லத் துடித்த ஒரு மனுஷனின் கதை இது.

டைல்ஸ் கடையில் மேலாளர் அவர். குடியிருந்த அடுக்குமாடியில் அவருக்குத் ‘தலைப்புச் செய்தி’ என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான், அவரோ பட்டம் கிடைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். எது வந்தாலும் அடுத்தவன் அனுப்புவதற்குள் தான் அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. படங்களை மட்டும் திறக்கவே மாட்டார். திறந்தால் போனில் இடத்தை அடைத்துக்கொள்ளுமாம். மங்கலாக வந்ததை மங்கலாகவே தள்ளிவிடுவார். மூளையையும் அப்படித்தான் செலவழிக்காமல் வைத்திருந்தார், மகராசன்.

ஒருநாள் கடையில் யாரோ குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் கேட்டுக்கொண்டிருந்தபோது, பிள்ளை பிடிக்கிறவன் நம் பகுதியில் திரிகிறான், முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு செய்தி வந்தது. கீழே படம். தலைப்புச் செய்தி பார்க்கவில்லை. ‘உடனே பகிரவும்’ என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்து, குடியிருப்புக் குழு, கடைக் குழு, தெருக் குழு என்று தட்டிவிட்டு டைல்ஸுக்குத் திரும்பினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் மச்சினன் உட்கார்ந்திருந்தான். வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுதுபார்க்கிறவன். சட்டை தோளில் கிழிந்து தொங்கியது, உதடு வீங்கியிருந்தது. பின்தெருவில் ஒரு வீட்டு மணியை அடித்தவனை, பிள்ளை பிடிக்கிறவன் என்று கூட்டமாக வளைத்துக்கொண்டார்களாம். அந்த வீட்டு அம்மா ஓடிவந்து, நான்தான் வரச்சொன்னேன் என்று கத்தியதால் உயிர் தப்பியிருக்கிறான்.

எந்த மடையன் இதைப் பரப்பினான், சும்மா விடக்கூடாது என்று குதித்தார் தலைப்புச் செய்தி. மனைவி தன் போனில் படத்தைத் திறந்து நீட்டினாள். எந்த ஜன்னலிலிருந்தோ எடுத்தது. கருவிப் பையோடு ஒரு வாசலில் நிற்கிறான் அவள் தம்பி. மேலே அனுப்பியவர் பெயர்: அவள் புருஷன்.

“வந்ததைத்தானே அனுப்பினேன்,” என்றார். சுருதி இறங்கிவிட்டது.

“உடனே பகிரவும்னு எழுதினது யாருங்க?”

இப்போதே அழித்துவிடுகிறேன் என்று சட்டைப்பையைத் தடவினார். மச்சினன் குறுக்கிட்டான்.

“அழிச்சா ஆச்சா அத்தான்? நாளைக்கு நான் மணி அடிச்சா யாரு கதவத் தொறப்பா? கதவு தொறந்தாத்தானே எனக்குப் பொழப்பு.”

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள். “கெளம்புங்க. இவனும் வரட்டும். ஒவ்வொரு வீட்டுலயும் உங்க வாயால சொல்லுங்க.”

முதல் வீட்டில், யாரோ தப்பான செய்தி அனுப்பிவிட்டார்கள் என்று ஆரம்பித்தார். மனைவி பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிக்கொண்டார்.

“நான்தான் அனுப்பினேன். பொய் அது. இவன் என் மச்சினன்.”

“ஓ, அதுவா?” என்றார் வீட்டுக்காரர், கொஞ்சம் பெருமையாகவே. “நான் அப்பவே ஆபீஸ் குரூப்ல போட்டுட்டேனே சார்.”

அங்கேயும் பொய் என்று எழுதும்படி தலைப்புச் செய்தி கெஞ்சினார். சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிறேன் என்றார் அவர். போடுவதற்குக் கண நேரம். எடுப்பதற்குச் சாப்பாடு முடிய வேண்டும். கதவைச் சாத்தினார், உள்ளே தாழ்ப்பாளும் விழுந்தது.

அடுத்த வீட்டு மணியை மச்சினனே அடித்தான். உள்ளே பேச்சு நின்றது. கதவின் கண்துளையில் ஒரு நிழல் வந்து நின்றது, கதவு அசையவில்லை. தலைப்புச் செய்தி மூடிய கதவைப் பார்த்து, “நான்தாங்க அனுப்பினேன்,” என்று உரக்கச் சொன்னார். திரும்பவும் சொன்னார்.

உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் நல்லவர்களாக வரட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் பொழுதோடு, முழுசாக வீடு திரும்பட்டும்.