கொஞ்சம் இந்தப் பக்கம்

காலை பத்து மணியிலிருந்து அறிவரசன் தன் அப்பாவின் கண்ணை நகர்த்திக்கொண்டிருந்தான். இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறவரின் கண்ணையா என்று யாரும் பதற வேண்டாம். லேப்டாப் திரையில் சாம்பல் நிறக் களிமண்ணாக ராசாங்கத்தின் தலையும் மார்பும் நின்றன. கண்கள் இரண்டும் தனித்தனி உருண்டைகள். உருண்டையைத் தொட்டால் அதன் நடுவிலிருந்து மூன்று நிறத்தில் அம்புகள் கிளம்பும். சிவப்பைப் பிடித்து இழுத்தால் பக்கவாட்டில் போகும், பச்சையை இழுத்தால் ஏறி இறங்கும், நீலத்தை இழுத்தால் குழிக்குள் அமுங்கும். ஹைதராபாத்தில் வீடியோ கேம் கம்பெனி ஒன்றில் நான்கு வருடமாக இதுதான் அவனுக்குச் சோறு போடும் வேலை. ராட்சசனுக்குக் கொம்பு வைப்பான், குதிரைக்குச் சேணம் மாட்டுவான். அவன் வைத்த கொம்பை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

பெற்ற தாய் சொன்னாள்.

"உங்கப்பாரு மாதிரி இருக்குடா தம்பி. ஆனா உங்கப்பாரு இல்ல" என்றாள் குஞ்சம்மாள். அவனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க இல்லன்னு சொல்லும்மா."

"அது தெரிஞ்சா சொல்ல மாட்டனா? அந்தக் கண்ண கொஞ்சம் இந்தப் பக்கம் நவுத்து."

நகர்த்தினான்.

"ரொம்பப் போயிட்டுது. கொஞ்சம் அந்தப் பக்கம்."

புது வீட்டில் பீரோ எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கண் முடிந்து காது, காது முடிந்து மூக்கு, மூக்கு முடிந்து மீசை. மற்ற இடமெல்லாம் ஆடாமலிருக்கத் திரையிலேயே கறுப்பு பூசிப் பூட்டிவிட்டு, மோவாயை மட்டும் ஒரு நூல் முன்னால் இழுத்தான். "ம்ஹூம்" என்றாள். பழையபடி வைத்தான். அதற்கும் "ம்ஹூம்" என்றாள். தோளில் கிடந்த துண்டைக்கூட மடிப்பு மடிப்பாக இடம் மாற்றிப் பார்த்தாயிற்று.

பன்னிரண்டு நாளில் தலைத்திவசம்; அதற்காகத்தான் அறிவரசன் ஊருக்கு வந்திருந்தான். ராசாங்கம் முப்பது வருடம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி, ஆலத்தியூர் சாலையோரம் அரைக் காணி வாங்கியிருந்தார். அவர்கள் பரம்பரையில் சொந்தப் பெயரில் பட்டா ஏறிய முதல் மண் அது. அந்த மண்ணில் அவருக்கு மார்பளவுச் சிலை வைக்க வேண்டும் என்பது அறிவரசனின் யோசனை. பெரம்பலூரில் சிலைப்பட்டறை வைத்திருக்கும் கலைச்செல்வன், இவன் அனுப்பும் உருவத்தை மெஷினில் அச்செடுத்து, அதன்மேல் பைபர் ஊற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். இன்று மாலை ஐந்து மணிக்குள் பைல் போய்ச் சேர வேண்டும். தவறினால் மெஷின் வேறு வேலைக்குப் போய்விடும்.

ஆனால் அவன் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடந்தது மெஷினுக்காக அல்ல. அப்பா இறந்தபோது விமானம் பிடித்து வந்தான், கொள்ளி வைத்தான், மூன்றாம் நாள் திரும்பிப் போனான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "பெத்த புள்ள கல்லு மாரி நின்னான் பாரு" என்று ஊர் பேசியது அவன் காதுக்கும் வந்தது. எனக்குத் தெரிந்த வேலையால் அப்பாவை நிற்க வைத்துக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதம் போட்டுத்தான் இந்தச் சிலையில் இறங்கினான். இப்போது அம்மாவே இது அவரில்லை என்கிறாள். அப்படியென்றால் நான் என்ன பிள்ளை?

அளவு தவற வாய்ப்பே இல்லை. அவனிடம் நாற்பத்திரண்டு படங்கள் இருந்தன. ராசாங்கத்துக்கு வீடியோ காலில் பேசுவது பிடிக்காது. "மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிட்டு என்னத்தடா பேசறது?" என்பார். அதற்குப் பதிலாக, சிமெண்ட் பேக்டரி வாசலில் லோடு இறக்கக் காத்திருக்கும்போது செல்பி எடுத்து மகனுக்கு அனுப்புவார். போன் முழுக்க முகம்தான் இருக்கும். ஒரு கன்னம் மட்டும் அதிகமாகக் கறுத்துச் சுருங்கியிருக்கும், அந்தப் பக்கத்துக் கண்ணும் கொஞ்சம் இடுங்கியிருக்கும். அந்தச் சுருக்கங்களை அவன் ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருந்தான். வீட்டில் மாலை போட்டிருந்த படம் லைசென்சுக்காக முப்பது வயதில் எடுத்தது. அதில் சுருக்கத்துக்கு எங்கே போவது?

ஒரு மணிக்கு அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"நாலு வருசமா இதாம்மா என் வேல. எது எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

"உனக்கு வேல தெரியும்டா" என்றாள் குஞ்சம்மாள். "அவரத் தெரியுமா?"

சுருக்கென்றது. எழுந்து வெளியே போனான். வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் நிறுத்தம் வரை நடந்தான், அங்கே நிற்கவும் பிடிக்காமல் திரும்பினான். வந்ததும் மறுபடி அம்புகளைப் பிடித்தான். இழுத்தான், விட்டான், இழுத்தான். மூன்றரைக்குக் கலைச்செல்வன் போன் செய்தார்.

"என்ன தம்பி, அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் கொஞ்சம் வேல இருக்குங்கண்ணே."

"நாலு நாளா இதத்தான் சொல்றீங்க. அஞ்சுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க தம்பி, பாத்துக்கங்க."

போனை வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினான். கோபமெல்லாம் வடிந்து கெஞ்சலாகிவிட்டது.

"ம்மா, இதப் பாக்காத. கண்ண மூடிக்கிட்டு அவர நெனச்சுக்க. என்ன தெரியுதுன்னு சொல்லு."

குஞ்சம்மாள் கண்ணை மூடினாள்.

"மூஞ்சி வரமாட்டேங்குதுடா. என் கைக்குத்தான் தெரியுது" என்றாள். "லாரிய விட்டு எறங்கி வந்தார்னா அந்தக் கன்னம் எரியுது, எரியுதும்பாரு. வெயிலு அப்புடி. தேங்கா எண்ணெயத் தடவி விட்டாத்தான் சோத்துல கை வைப்பாரு."

"எந்தக் கன்னம்?"

கண்ணைத் திறந்தாள். இடம் வலம் என்று வாயால் சொல்லவில்லை. அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, அவனுடைய வலது கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். "இதான்."

அறிவரசன் லேப்டாப் பக்கம் திரும்பினான். திரையில் இருந்த அப்பாவுக்குச் சுருக்கம் இடது கன்னத்தில் இருந்தது. அவசரமாக ஒரு படத்தைத் திறந்தான். கீழே ஓரத்தில் சட்டைப் பாக்கெட் தெரிந்தது. எந்தத் தையல்காரன் வலது மார்பில் பாக்கெட் வைப்பான்? அடுத்த படத்திலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும் அப்படித்தான். அப்பாவின் போன், முன்பக்கக் கேமராவில் எடுத்ததையெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றியே சேமித்திருந்தது. டிரைவர் சீட் வலப்பக்கம். முப்பது வருட வெயில் வலப்பக்க ஜன்னல் வழியாகத்தானே அடித்திருக்கும்? இதைக்கூட யோசிக்கத் தோன்றாமல் நான்கு நாளாக மாங்கு மாங்கென்று கண்ணை நகர்த்தியிருக்கிறான். அப்பாவுக்கு எந்தக் கன்னம் கருகியது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நகர்த்த ஒன்றுமே இல்லை. முழு உருவத்தையும் இடம் வலமாகத் திருப்பிப் போட ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினான்.

குஞ்சம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "எங்கய்யா போயிருந்த இத்தன நாளா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டு, வாய்விட்டு அழுதாள்.

அறிவரசனும் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு அந்த முகத்தைத் தெரியவில்லை. மூக்கு அதேதான், மீசை அதேதான், சுருக்கம் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் நான்கு வருடமாகப் போனைத் திறந்ததும் அவனைப் பார்த்துச் சிரித்த அப்பா அங்கே இல்லை. யாரோ ஒரு லாரி டிரைவர் நின்றார். அவனுடைய அப்பா ஒரு பொத்தான் தூரத்தில்தான் இருந்தார். மறுபடி அழுத்தினால் வந்துவிடுவார். விரல் அதன்மேல் போய் நின்றது.

அம்மா இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

விரலை எடுத்தான். உருவத்தைச் சேமித்தான். நாலு நாற்பதுக்குப் பைல் போனது. "வந்துருச்சு தம்பி" என்று கலைச்செல்வன் பதில் அனுப்பினார்.

"இப்ப நல்லாருக்குல்ல?" என்றாள் குஞ்சம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நல்லாருக்கும்மா" என்று சொல்ல வாயெடுத்தான். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி கேவிக் கேவி அழுதான். குஞ்சம்மாள் பயந்துபோய் அவன் தலையை வாரி வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"அழாதடா சாமி. அதான் வந்துட்டாருல்ல?" என்றாள்.

அவனுக்கு அவர் இப்போதுதான் போனார் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?