ஹரலாம்ப் கொண்டுவந்த கிணற்று நீர்

மணலைவிடச் சின்ன உருண்டைகள். அவற்றின்மேல் நேர்மின் பூச்சு, எதிர்மின் பூச்சு என்று மாற்றி மாற்றி ஏற்றி, கடைசியில் நேர்மின் பூச்சோடு முடித்திருந்தாள் ஸ்மராந்தா. உரம் ஊறிக் கிணற்றைக் கெடுக்கும் நைட்ரேட் எதிர்மின் கொண்டது, வந்து ஒட்டிக்கொள்ளும். வேறு உப்பே இல்லாத, காய்ச்சி வடித்த நீரில் நைட்ரேட்டைக் கலந்து சோதித்தபோது நைட்ரேட் மிச்சமே இல்லை. யாஷ் நகர ஆய்வுக்கூடம் கேக் வெட்டிக் கொண்டாடியது.

கூட வேலை பார்க்கும் ஹரலாம்ப், தன் ஊர்க் கிணற்று நீரை பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

"அப்புறம் பாக்கலாம்டா. இதப் போட்டு என் அழகான கிராஃபக் கெடுக்காத" என்று சிரித்து, அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஆய்வுக் கட்டுரை அச்சேறிய பிறகு, இன்றுதான் அந்த பாட்டிலைத் திறந்து சோதித்தாள். கிணற்று நீரிலிருந்த மற்ற உப்புகள் முந்திக்கொண்டு உருண்டைகளின்மேல் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டன. நைட்ரேட் அப்படியே நின்றது.

"உங்க கிணத்துக்கு இது உதவாதுடா. அன்னைக்கே பாத்திருக்கணும்."

ஹரலாம்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான்.

"அம்மா பாதிரியார்கிட்ட உன் பேரக் குடுத்துட்டாங்க. நம்ம தண்ணியச் சுத்தம் பண்ணப்போற பொண்ணுன்னு ஞாயித்துக்கிழமை ஜெபத்துல வாசிக்கிறாரு, ஊரே நெஞ்சுல சிலுவை அடையாளம் போட்டுக்குது. இனிமே வாசிக்காதீங்கன்னு நான் எப்படிடி போய்ச் சொல்றது?"